ராஸ்பெர்ரி பையில் ஒரு பாட்டுப்பெட்டி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்தப் பெட்டி என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ராஸ்பெர்ரி பை என்ற உள்ளங்கை அளவுக் கணினி, ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர், ஒரு ஸ்பீக்கர், மூன்று பட்டன், விருப்பப்பட்டால் பாட்டின் பெயரைக் காட்ட ஒரு குட்டித் திரை. ஒரு பட்டனைத் தட்டினால் பாட வேண்டும், மறுபடி தட்டினால் நிற்க வேண்டும், மற்ற இரண்டும் முன்னே பின்னே போக. இதற்கான நிரலைப் பைத்தான் என்ற நிரல்மொழியில் நாமே எழுதப் போகிறோம். முதல் பாட்டு ஒரே சாயங்காலத்தில் பாடிவிடும். அதற்குப் பிறகு வரும் சந்தேகங்களுக்குத்தான் இந்தப் பக்கம்.

எந்த போர்டு வாங்குவது?

பாட மட்டும் என்றால் பெரிய போர்டு தேவையே இல்லை. எம்பி3-ஐப் பிரித்துப் பாடுவதை 2012-ல் வந்த முதல் ராஸ்பெர்ரி பையே மூச்சு வாங்காமல் செய்யும். என் தேர்வு 2021-ல் வந்த ஜீரோ 2 டபிள்யூ. 512 மெகாபைட் நினைவகம், நான்கு கோர். இந்த வேலைக்குத் தாராளம்.

ஒன்றை மட்டும் வாங்குவதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள். ஜீரோ வகைகளிலும் பை 5-லும் 3.5 மி.மீ. ஹெட்போன் துளை கிடையாது. பை 3, பை 4 இரண்டிலும் உண்டு. துளை இல்லாத போர்டில் சத்தம் எச்டிஎம்ஐ வழியாகவோ, யுஎஸ்பி சவுண்டு கார்டு வழியாகவோ, ஜிபிஐஓ பின்களில் (வெளிச் சாதனங்களை மாட்ட போர்டில் இருக்கும் ஊசிகள்) மாட்டும் டாக் போர்டு (எண்களை ஒலிக்கான மின்னலையாக மாற்றுவது) வழியாகவோதான் வெளியே வரும்.

பிகோ போதாதா?

போதும், ஆனால் அது வேறு பயணம். பிகோ என்பது ராஸ்பெர்ரி பை நிறுவனத்தின், இயங்குதளம் இல்லாத குட்டி போர்டு. அதில் இருக்கும் ஆர்பி2040 சில்லின் நினைவகம் மொத்தமே 264 கிலோபைட். சிடி தரத்தில் ஒலி வினாடிக்கு 1,76,400 பைட் தின்னும். அந்த நினைவகம் முழுவதையும் பாட்டுக்கே கொடுத்தாலும் ஒன்றரை வினாடிதான் தாங்கும். ஆகவே கார்டிலிருந்து எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். குட்டிச் சில்லுகளுக்கான பைத்தான் வடிவங்களான மைக்ரோபைத்தானில் ஐ2எஸ் (சில்லுகளுக்கிடையே ஒலியை அனுப்பும் முறை) வசதியும் சர்க்யூட்பைத்தானில் எம்பி3 டிகோடரும் இருப்பதால் முடியாத காரியம் இல்லை. முதல் பெட்டிக்கு ராஸ்பெர்ரி பையே நல்லது. இயங்குதளமும் கோப்பு முறைமையும் அதில் தயாராக இருக்கின்றன.

நேராக எம்பி3 பாடும் நிரலில் தொடங்கலாமா?

வேண்டாம் என்பேன். முதலில் ஒரு வேவ் கோப்பை (ஒலியைச் சுருக்காமல் வைத்திருப்பது) உங்கள் கையால் பாடவைத்துப் பாருங்கள். பத்துப் பதினைந்து வரி நிரல்தான், ஆனால் பின்னால் வரும் பாதிச் சிக்கல்களுக்கு விடை அதிலேயே இருக்கிறது.

வழக்கமான வேவ் கோப்பின் தொடக்கத்தில் 44 பைட் தலைப்பகுதி. வினாடிக்கு எத்தனை மாதிரி (ஒரு கணத்தில் ஒலி அலையின் உயரத்தைச் சொல்லும் எண்), எத்தனை சேனல், ஒரு மாதிரிக்கு எத்தனை பிட் என்ற விவரங்கள் அதில் இருக்கும். அதற்குப் பிறகு எண்கள், எண்கள், எண்கள் மட்டும்தான். இடது காதுக்கு இரண்டு பைட், வலது காதுக்கு இரண்டு பைட், மறுபடி இடது, மறுபடி வலது. வினாடிக்கு 44,100 தடவை இப்படி. மூன்று நிமிடப் பாட்டுக்கு ஏறக்குறைய 3 கோடியே 17 லட்சம் பைட் ஆகிறது.

இந்த 44,100 எங்கிருந்து வந்தது என்று எனக்கு வெகுநாள் கேள்வி இருந்தது. டிஜிட்டல் ஒலியை முதலில் வீடியோ டேப்பில்தான் பதிந்தார்கள். ஒரு ஃபீல்டில் (வீடியோவின் அரைப் படம்) பயன்படும் கோடு 245, வினாடிக்கு 60 ஃபீல்டு, கோட்டுக்கு 3 மாதிரி, பெருக்கினால் 44,100. வினாடிக்கு 50 ஃபீல்டு உள்ள முறையில் 294 கோடு. அங்கேயும் அதே 44,100. மனிதக் காது கேட்கும் 20,000 ஹெர்ட்ஸுக்கு அதைப்போல இரு மடங்குக்கு மேல் மாதிரி வேண்டும் என்ற கணக்குக்கும் இது பொருந்திப் போனது.

நிரல் இவ்வளவுதான்: பைத்தானோடு வரும் வேவ் தொகுதியால் கோப்பைத் திற, 1,024 மாதிரி எடு, ஒலி அட்டையிடம் கொடு, தீரும்வரை திருப்பிச் செய். லினக்ஸின் ஒலி அமைப்பான அல்சாவோடு பேசும் பைத்தான் நூலகம் ஏதாவது ஒன்று இருந்தால் போதும்.

பாடிவிட்டதா? இப்போது வேண்டுமென்றே கெடுத்துப் பாருங்கள். சத்தத்தை நன்றாகக் குறைத்துக்கொண்டு, தலைப்பகுதிக்குப் பிறகு ஒரே ஒரு பைட் தள்ளிப் படியுங்கள். ஒவ்வொரு மாதிரியின் மேல்ப் பாதியும் அடுத்த மாதிரியின் கீழ்ப் பாதியும் தவறாக ஜோடி சேரும். பாட்டு முழுவதும் ஒரே இரைச்சலுக்குள் மூழ்கிவிடும். அடுத்து, 44,100-ல் பதிந்த கோப்பை 48,000 என்று சொல்லிப் பாடவையுங்கள். வேகம் ஏறும், சுருதியும் ஏறக்குறைய ஒன்றரை அரைச்சுரம் ஏறும். பின்னாளில் "பாடகர் குரல் கீச்சென்று இருக்கிறதே" என்று தோன்றினால் எங்கே தேட வேண்டும் என்பது அப்போதே கைக்குத் தெரிந்திருக்கும்.

கடைசிச் சோதனை: சுழற்சிக்குள் அரை வினாடி தூங்கச் சொல்லுங்கள். பாட்டு துண்டு துண்டாக வெட்டுப்படும். 1,024 மாதிரி என்பது 23 மில்லிவினாடிக்கான தீனி. அது தீருவதற்குள் அடுத்த துண்டு கைக்கு வந்தாக வேண்டும். நம் நிரலுக்கு வேறு வேலை இருக்கலாம், கார்டு மெதுவாக இருக்கலாம், ஸ்பீக்கர் காத்திருக்காது. இந்தப் பெட்டியில் நாம் எழுதும் எல்லாமே அந்த ஒரு வரியைச் சுற்றித்தான்.

பாட்டு நடுநடுவே தெறிக்கிறது. ஸ்பீக்கர் பழுதா?

பெரும்பாலும் இல்லை. பஃபர், அதாவது பாடுவதற்காக முன்கூட்டியே ஊற்றிவைத்த கையிருப்பு, வறண்டுபோகிறது. ஓட்டைக் குடத்தை நினைத்துக்கொள்ளுங்கள்: கீழே ஒரே சீராக ஒழுகுகிறது, மேலே நீங்கள் செம்பால் மொண்டு ஊற்றுகிறீர்கள். ஊற்றும் கை வேறெங்காவது போய்விட்டால் குடம் காலி, காதில் "டக்".

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். பாட்டின் பெயரையும் நேரத்தையும் காட்ட 128-க்கு 64 புள்ளி ஓஎல்இடி திரை ஒன்றை ஐ2சி (இரண்டு கம்பியில் தரவு அனுப்பும் முறை) கம்பிகளில் மாட்டியிருந்தேன். அதுவரை அருமையாகப் பாடிக்கொண்டிருந்தது. திரை வந்ததும் கடிகாரம் அடிப்பதுபோல வினாடிக்கு ஒரு தெறிப்பு. ஸ்பீக்கரை மாற்றினேன், கம்பியை மாற்றினேன், பவர் அடாப்டரையும் மாற்றினேன். இரண்டு ராத்திரி போன பிறகுதான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். திரையின் ஒரு முழுப் படம் 1,024 பைட். ஐ2சி-யில் ஒரு பைட்டுக்கு 9 துடிப்பு. ராஸ்பெர்ரி பையில் ஐ2சி-யின் இயல்பு வேகம் வினாடிக்கு ஒரு லட்சம் துடிப்பு. ஆக, ஒரு படம் வரைய 92 மில்லிவினாடி. என் கையிருப்போ 23 மில்லிவினாடித் துண்டுகள் இரண்டே இரண்டு. திரை வரைந்து முடிப்பதற்குள் குடம் இரண்டு தடவை காலியாகியிருக்கும்.

தீர்வு மூன்று படியில் வந்தது. ஐ2சி வேகத்தை 4 லட்சமாக உயர்த்தினேன். 92 என்பது 23 ஆனது. திரை வரைவதைத் தனி இழைக்கு (நிரலுக்குள் இணையாக ஓடும் வேலை) மாற்றினேன். துண்டின் அளவை 4,096 ஆக்கினேன். மூன்றில் எது முக்கியம் என்றால் இரண்டாவதுதான். பாட்டுக்குத் தீனி போடும் சுழற்சியில் வேறு எந்த வேலையும் இருக்கக் கூடாது. ஃபோல்டரைப் பட்டியலிடுவது, ஆல்பம் படத்தைத் திறப்பது, பதிவேட்டில் எழுதுவது எல்லாம் வெளியே.

பஃபரை இன்னும் பெரிதாக வைத்தால் என்ன என்று கேட்கலாம். வைக்கலாம், ஆனால் ஏற்கெனவே ஊற்றியது ஒழுகித் தீரும்வரை பட்டனை அழுத்தியது காதுக்குத் தெரியாது. 4,096 மாதிரி என்றால் துண்டுக்கு 93 மில்லிவினாடி. அதுவரை கை உணர்வதில்லை. அரை வினாடி ஆகிவிட்டால் "அழுந்தவில்லையோ" என்று மறுபடி அழுத்திவிடுவோம்.

சரி, எம்பி3-க்கு எந்த நூலகம்?

பைகேம். விளையாட்டுக்காக எழுதப்பட்டது என்றாலும் அதன் மிக்ஸர் இந்த வேலைக்குக் கச்சிதம். அதில் இரண்டு வழி இருக்கிறது: "சவுண்ட்" முழுக் கோப்பையும் பிரித்து நினைவகத்தில் கொட்டிக்கொள்ளும், "மியூசிக்" கொஞ்சம் கொஞ்சமாகப் படிக்கும். பாட்டுக்கு இரண்டாவதையே எடுங்கள். 128 கிலோபிட் எம்பி3 சிடி ஒலியில் 11-ல் ஒரு பங்குதான், ஆனால் பிரித்த பிறகு பழைய உருவத்துக்கே வீங்கிவிடும். மூன்று நிமிடத்துக்கு 30 மெகாபைட்டுக்கு மேல். பட்டனுக்கான "பீப்" சத்தத்துக்கு சவுண்ட் சரி.

எல்லா வகைக் கோப்பும் பாட வேண்டும் என்றால் விஎல்சி-யின் பைத்தான் இணைப்பு இருக்கிறது. எழுதுவதில் ஆர்வம் இல்லை, கேட்டால் போதும் என்பவர்களுக்கு எம்பிடி என்ற மியூசிக் பிளேயர் டெமன் எல்லாவற்றையும் தானே செய்துவிடும்.

பாஸ் (இடைநிறுத்தம்) அழுத்தினால் அடுத்த பாட்டுக்குத் தாவுகிறதே?

இதில் சிக்காதவர் குறைவு. பாட்டு முடிந்ததா என்று தெரிந்துகொள்ள எல்லோரும் பைகேமிடம் "பிஸியா?" என்று கேட்கிறோம்; இல்லை என்றால் அடுத்ததைப் போடு என்று எழுதுகிறோம். பைகேம் 2.0.1 முதல், பாஸில் இருக்கும்போதும் அந்தக் கேள்விக்கு "இல்லை" என்றுதான் பதில் வரும். உடனே நம் நிரல் பாட்டு முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறது.

நூலகத்தைக் கேட்டு நிலையைத் தெரிந்துகொள்வதை விட்டுவிடுங்கள். நிலை என்ன என்பது உங்கள் நிரலுக்கே தெரிந்திருக்க வேண்டும். ஒரே மாறி, அதற்கு மூன்றே மதிப்பு: நிற்கிறது, பாடுகிறது, இடைநிறுத்தம். தாளில் மூன்று கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் ஒவ்வொரு பட்டனுக்கும் என்ன நடக்க வேண்டும் என்று எழுதுங்கள். இடைநிறுத்தத்தில் இருக்கும்போது "அடுத்து" அழுத்தினால் அடுத்த பாட்டு பாட வேண்டுமா, பாடாமல் தயாராக நிற்க வேண்டுமா? தாளில் முடிவு செய்யாததை நிரல் தன் இஷ்டத்துக்கு முடிவு செய்துவிடும். பாடத்தான் வேண்டும் என்பது என் முடிவு. பட்டனைத் தட்டுகிறவர் சத்தத்தை எதிர்பார்த்துத்தானே தட்டுகிறார்.

பாட்டு முடிந்ததை அறிய பைகேமின் முடிவு நிகழ்வைப் பயன்படுத்துங்கள். திரையே இல்லாத பெட்டியில் நிகழ்வு வரிசையைத் தொட்டால் "வீடியோ தொடங்கப்படவில்லை" என்று பிழை காட்டும். பைகேமுக்கு அடியில் இருக்கும் எஸ்டிஎல் நூலகத்தின் வீடியோ டிரைவருக்கான சூழல் மாறிக்கு, பைகேமைத் தொடங்குவதற்கு முன்பே "டம்மி" என்ற மதிப்பைக் கொடுத்துவிட்டால் இல்லாத திரையை இருப்பதாக எடுத்துக்கொள்ளும்.

ஒரு தடவை அழுத்தினால் இரண்டு பாட்டு தாண்டுகிறது.

பட்டனுக்குள் இருக்கும் உலோகத் தகடு தொட்டதும் அப்படியே ஒட்டிக்கொள்வதில்லை, சில மில்லிவினாடி துள்ளுகிறது. நமக்கு அது ஒரு அழுத்தம், கணினிக்கு ஐந்தாறு. பின்களைக் கையாளும் ஜிபிஐஓ ஜீரோ என்ற பைத்தான் நூலகத்தில் பட்டனை உருவாக்கும்போதே துள்ளல் நேரம் என்று 0.05 வினாடி கொடுத்துவிடுங்கள்.

மாட்டுவது எளிது: பட்டனின் ஒரு கால் ஜிபிஐஓ பின்னுக்கு, மறு கால் கிரவுண்டுக்கு. 5 வோல்ட்டை மட்டும் எந்த ஜிபிஐஓ பின்னிலும் தொட்டுவிடாதீர்கள், அவை 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. ஐ2எஸ் டாக் மாட்டினால் ஜிபிஐஓ 18, 19, 21 மூன்றும் அதற்குப் போய்விடும். நான் பட்டனுக்கு 5, 6, 13 வைத்திருக்கிறேன். இவை ஜிபிஐஓ எண்கள், போர்டில் எண்ணிக்கொண்டு வரும் வரிசை எண்கள் அல்ல; ஜிபிஐஓ 18 இருப்பது போர்டின் 12-வது பின்னில்.

இன்னொன்று. பட்டன் அழுந்தியதும் ஓடும் செயலுக்குள் பாட்டை மாற்றாதீர்கள். "அடுத்து அழுந்தியது" என்று ஒரு வரிசையில் சீட்டுப் போட்டுவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். முதன்மைச் சுழற்சி எடுத்துக்கொள்ளட்டும். தட்டினால் அடுத்த பாட்டு, பிடித்துக்கொண்டே இருந்தால் சத்தம் கூட வேண்டும் என்றால், தட்டலை விரல் அழுத்தும்போது கணக்கில் எடுக்காமல் விரலை எடுக்கும்போது எடுங்கள். இல்லையென்றால் பிடிப்பதற்குள்ளேயே பாட்டு மாறிவிடும்.

சத்தத்தைக் கூட்டும்போது முதல் படியில் தூக்கிப் போடுகிறது, கடைசிப் படிகளில் ஒன்றும் தெரியவில்லை.

காது கூட்டல் கணக்கில் கேட்பதில்லை, பெருக்கல் கணக்கில் கேட்கிறது. 0.1, 0.2, 0.3 என்று ஏற்றினால் முதல் தாவலில் அலையின் உயரம் இரு மடங்கு, 0.9-லிருந்து 1-க்குப் போகும்போது ஒன்பதில் ஒரு பங்குதான் கூடுதல். படிக்கு 3 டெசிபெல் வையுங்கள்: 1-ல் தொடங்கி ஒவ்வொரு படி இறங்கும்போதும் 0.708-ஆல் பெருக்கினால் சரியாக வரும்.

ஷஃபிளில் சில பாட்டு திரும்பத் திரும்ப வருகிறது, சிலது வருவதே இல்லை.

ஒவ்வொரு முறையும் குருட்டாம்போக்கில் ஒன்றை எடுத்தால் அப்படித்தான் ஆகும். 100 பாட்டிலிருந்து 100 தடவை எடுத்தால் சராசரியாக 37 பாட்டு ஒரு தடவைகூட வந்திருக்காது. சீட்டுக்கட்டுபோல் முழுப் பட்டியலையும் ஒரு முறை கலைத்துவிட்டு வரிசையாகப் பாடுங்கள். பைத்தானின் ரேண்டம் தொகுதியில் அதற்கான ஷஃபிள் செயல் தயாராக இருக்கிறது. "முந்தைய பாட்டு" பட்டனும் இதனால் தானாக வேலை செய்யும். கட்டு தீர்ந்து மறுபடி கலைக்கும்போது, கடைசியாகப் பாடியதே முதலில் வந்து நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தமிழில் பெயர் வைத்த கோப்புகள் வரிசை மாறி வருகின்றன, தேடினால் சிலது கிடைக்கவில்லை.

இங்கே மூன்று தனித்தனிச் சிக்கல் இருக்கிறது. தமிழில் பாட்டு வைத்திருப்பவர்கள் இதற்குப் பயந்து ஆங்கில எழுத்தில் பெயர் மாற்றிவிடுகிறார்கள். அது எனக்கு வருத்தம்தான், ஏனென்றால் மூன்றையும் சேர்த்து நாற்பது வரியில் சரிசெய்துவிடலாம்.

முதலாவது தேடல். "கொ" என்ற எழுத்தை யுனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: க-வும் ஒற்றை ஒகரக் குறியும், அல்லது க, ஒற்றைக் கொம்பு, கால் என்று மூன்று துண்டாக. கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு வேறு. ஒரு கணினியில் பெயரிட்ட கோப்பு இன்னொன்றுக்கு வரும்போது இப்படி மாறியிருக்கலாம். பைத்தானின் யுனிகோட்டேட்டா தொகுதியில் என்எஃப்சி என்ற ஒரே சீரான வடிவத்துக்கு மாற்றும் வசதி உண்டு. கோப்புப் பெயரையும் தேடும் சொல்லையும் ஒப்பிடுவதற்கு முன் இரண்டையும் மாற்றுங்கள். ஆனால் "கௌ"-வில் குறிக்குப் பதிலாக "ள" எழுத்தையே தட்டியிருந்தால் இதனால் சரியாகாது. அதைத் திருத்துவது உங்கள் கையில்தான்.

இரண்டாவது வரிசை. யுனிகோடின் எண் வரிசையில் ன வருவது ந-வை அடுத்து, ற வருவது ர-வை அடுத்து, ள-வும் ழ-வும் வ-வுக்கு முன்னால். அதோடு புள்ளியின் எண் எல்லா எழுத்துக்கும் பிந்தியது என்பதால் "பகல்" முதலில் வந்து "பக்கம்" பின்னால் வரும், அகராதியில் நேர்மாறு. நம் நெடுங்கணக்கு வரிசைப்படி ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் கொடுத்து, புள்ளி வைத்த மெய்யை அகர எழுத்துக்கு முன்னால் வைத்து, அந்த எண் பட்டியலை வரிசைப்படுத்தும் சாவியாகக் கொடுங்கள். பாட்டு எண்களையும் அப்போதே கவனியுங்கள். வெறும் எழுத்தாக ஒப்பிட்டால் 10 வந்து 2-க்கு முன்னால் உட்கார்ந்துகொள்ளும்.

மூன்றாவது திரை. "கெ" என்பதில் கொம்பு கண்ணுக்கு முன்னால் நின்றாலும் சேமிப்பில் க-வுக்குப் பின்னால்தான் இருக்கிறது. குட்டித் திரையில் எழுத நாம் பயன்படுத்தும் பில்லோ நூலகம், ராக்ம் என்ற துணை நூலகம் இல்லாவிட்டால் சேமிப்பு வரிசையிலேயே வரைந்துவிடும். கொம்பு எழுத்துக்கு வலப்பக்கம் போய் ஒட்டிக்கொள்ளும். ராக்மை நிறுவி, தமிழ் உள்ள நோட்டோ எழுத்துரு ஒன்றைக் கொடுத்தால் தீர்ந்தது. 16 புள்ளி உயரத்துக்குக் கீழே போகாதீர்கள். அதற்குக் கீழே ழ-வின் சுழியும் ண-வின் வளைவும் ஒன்றோடொன்று அப்பிக்கொள்ளும்.

ஹெட்போன் துளையில் "உஸ்ஸ்" என்று இரைகிறது.

பை 3, பை 4 போர்டுகளின் துளைக்குப் பின்னால் தனி டாக் சில்லு இல்லை. துடிப்பகலத்தை மாற்றி மாற்றி ஒலியை உண்டாக்குகிறார்கள், அதனால்தான் அமைதியான இடங்களில் இரைச்சல் காதில் விழுகிறது. வெளி ஆம்ப்ளிஃபயரில் மாட்டிக் கேட்க பிசிஎம்5102ஏ சில்லு உள்ள ஐ2எஸ் போர்டு. நேராக ஸ்பீக்கரை மாட்ட மேக்ஸ்98357ஏ. பின்னது 5 வோல்ட்டில் 4 ஓம் ஸ்பீக்கருக்கு ஏறக்குறைய 3 வாட் தரும், ஒரே சேனல். அதன் இரண்டு வெளிக்கம்பியில் எதையும் கிரவுண்டோடு சேர்க்கக் கூடாது, இன்னொரு ஆம்ப்ளிஃபயருக்குள்ளும் கொடுக்கக் கூடாது.

திடீரென்று பிளக்கைப் பிடுங்கினால் என்ன ஆகும்? மறுபடி போட்டால் விட்ட இடத்திலிருந்து பாடுமா?

எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் கரண்ட் போனால் எஸ்டி கார்டில் உள்ள இயங்குதளமே சேதமாகலாம். பாட்டுப்பெட்டியை யாரும் கணினிபோல முறையாக அணைக்க மாட்டார்கள், அணைக்கச் சொல்வதும் நியாயமில்லை. ராஸ்பை-கான்ஃபிக் என்ற அமைப்புக் கருவியில் ஓவர்லே கோப்பு முறைமை என்ற வசதி இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் கார்டில் எதுவும் எழுதப்படாது. மாற்றங்கள் நினைவகத்தில் மட்டும் இருந்து, அணைத்ததும் மறைந்துபோகும். நிரல் முழுவதும் எழுதி முடித்து, சிஸ்டம்டி சேவையாக்கி, தானாகத் தொடங்குகிறது என்று உறுதியான பிறகே இதைப் போடுங்கள்.

ஆனால் அப்போது விட்ட இடத்தைக் குறித்துவைக்கவும் இடம் இல்லாமல் போகும். நான் அதற்கென்று தனியாக ஒரு சிறிய பென்டிரைவ் செருகியிருக்கிறேன். பத்து வினாடிக்கு ஒரு முறை, தனி இழையில், பாட்டின் பெயரும் வினாடியும் ஒரு தற்காலிகக் கோப்பில் எழுதப்படும். அது முழுதாக வட்டில் இறங்கிய பிறகு பழைய கோப்பின் பெயருக்கு மாற்றப்படும். நடுவில் கரண்ட் போனாலும் பழையதோ புதியதோ ஏதாவது ஒன்று முழுதாகக் கிடைக்கும்.

வினாடியைக் கணக்கிடும்போது ஒரு கவனம். பைகேம் தரும் எண் பாட்டுக்குள் இருக்கும் இடம் அல்ல, பாடத் தொடங்கியதிலிருந்து கழிந்த நேரம். இரண்டாவது நிமிடத்திலிருந்து தொடங்கவைத்தாலும் அது பூஜ்யத்திலிருந்துதான் எண்ணும். தொடங்கிய இடத்தை நீங்களே கூட்டிக்கொள்ள வேண்டும். பாடவைக்கும்போது குறித்த இடத்துக்கு மூன்று வினாடி முன்னாலிருந்தே தொடங்குகிறேன். பாதி வார்த்தையில் தொடங்காமல், வரியின் தொடக்கம் பெரும்பாலும் அதற்குள் வந்துவிடுகிறது.